துப்பறியும் கதையிலிருந்து புதுச் சொற்கள்: முதல் தடவை விட்டுவிடுங்கள், இரண்டாம் தடவை பிடிக்கலாம்

புதிதாகப் படிப்பவர்களுக்காகக் கேள்வியைச் சுருக்கமாகத் திரும்பச் சொல்லிவிடுகிறேன். பத்து வயதுப் பையன், துப்பறியும் கதை என்றால் உயிர். இருநூறு பக்கச் சிறுவர் நாவலை இரண்டே நாளில் முடித்துவிடுகிறான். முடித்த பிறகு அதில் வந்த ஒரு சொல்லைச் சொல்லி அர்த்தம் கேட்டால் விழிக்கிறான். தெரியாத சொல்லையெல்லாம் நோட்டில் எழுதி அகராதி பார்க்கச் சொல்லலாமா, அல்லது படிக்கட்டும் என்று விட்டுவிடலாமா, இந்த மாதிரிப் புத்தகங்களால் தமிழ்ச் சொல்வளம் வளருமா, வளராதா என்பது அவன் அம்மாவின் கேள்வி.

வளரும். ஆனால் நீங்கள் எதிர்பார்க்கிற நேரத்தில் வளராது. முதல் தடவை படிக்கும்போது ஒட்டுவது கொஞ்சம்தான், அதை அப்படியே விட்டுவிடுவதுதான் நல்லது. திருடன் யாரென்று தெரிந்த பிறகு, இரண்டாம் தடவை புரட்டும்போதுதான் சொற்கள் கைக்கு வரும். வேறு எந்த வகைக் கதையையும் திரும்பப் படி என்றால் பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள். மர்மக் கதையில் மட்டும் திரும்பிப் போவதற்கு ஒரு காரணம் இருக்கிறது: "இந்த ஆள்தான் என்று எனக்கு முன்னாடியே ஏன் தெரியாமல் போச்சு?"

முதலில் நான் அடித்த கூத்தைச் சொல்லிவிடுகிறேன். அக்கா மகளுக்கு அப்போது ஒன்பது முடிந்து பத்து நடந்தது. ஒரு துப்பறியும் நாவலைக் கொடுத்துக் கூடவே ஒரு நோட்டையும் கொடுத்தேன். அத்தியாயத்துக்கு இருபது சொல், எதிரே பொருள், கீழே ஒரு வாக்கியம். முதல் அத்தியாயம் முத்து முத்தான கையெழுத்தில் வந்தது. இரண்டாவதில் பன்னிரண்டு சொல்தான். மூன்றாவது அத்தியாயத்தில், பூட்டிய அறைக்குள்ளிருந்து யாரோ இருமுகிற சத்தம் கேட்கிறது, பிள்ளைகள் கதவிடுக்கு வழியாகப் பார்க்கப் போகிறார்கள், அந்த இடத்தில் இவள் 'கதவிடுக்கு' என்பதை அகராதியில் தேடிக்கொண்டிருந்தாள். அது அப்படியே அகராதியில் கிடைக்காது, 'இடுக்கு' என்று பார்க்கவேண்டும் என்று நான் பக்கத்தில் உட்கார்ந்து பாடம் வேறு நடத்தினேன். முதலில் நோட்டு காணாமல் போனது, நான்கு நாள் கழித்துப் புத்தகமும். இருமியது யார் என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது.

சரி, சும்மா படித்தால் எவ்வளவுதான் ஒட்டும்? இதற்குக் கணக்கு இருக்கிறது. ஸ்வான்போர்ன், டி க்ளாப்பர் என்ற இரண்டு ஆய்வாளர்கள், அதற்குமுன் நடந்திருந்த இருபது சோதனைகளைச் சேர்த்துவைத்துப் பார்த்து 1999இல் ஒரு முடிவு சொன்னார்கள். சொல் கற்கவேண்டும் என்ற நினைப்பே இல்லாமல் இயல்பாகப் படிக்கிறபோது, எதிர்ப்படும் தெரியாத சொற்களில் சுமார் 15 சதவீதத்தைப் பிள்ளைகள் கற்றுக்கொள்கிறார்கள். நூற்றுக்குப் பதினைந்து. உங்கள் பையன் ஒரு நாவலில் நூறு தெரியாத சொல்லைத் தாண்டி ஓடியிருந்தால் எண்பத்தைந்தைக் கோட்டைவிட்டான் என்றும் சொல்லலாம், பதினைந்து செலவில்லாமல் வந்தது என்றும் சொல்லலாம். நான் இரண்டாவதைச் சொல்கிற கட்சி.

அந்தப் பதினைந்தும் 'அர்த்தம் சொல்லு' என்றால் வாயில் வராது என்பதுதான் அம்மாக்களுக்குப் பிடிபடாத விஷயம். ஒரு சொல் தெரியும், தெரியாது என்று இரண்டே நிலை கிடையாது. பார்த்த மாதிரி இருக்கிறது என்பது ஒரு நிலை, ஏதோ கெட்ட காரியம் என்று மட்டும் தெரிவது இன்னொரு நிலை, வாக்கியத்தில் வந்தால் புரியும், தானாகச் சொல்ல வராது என்பது அதற்கடுத்தது. அதனால் "பதுங்கு என்றால் என்ன?" என்று கேட்காதீர்கள். "கதையில் யார் பதுங்கினது? எங்கே?" என்று கேட்டுப் பாருங்கள். "மாட்டு வண்டிக்கு அடியில" என்று பட்டென்று வரும். அவனுக்கு அந்தச் சொல் முக்கால்வாசி தெரிந்துவிட்டது. உங்கள் கேள்விதான் தப்பு.

இன்னொரு விஷயம், புத்தகம் அவன் அளவுக்கு இருக்கவேண்டும். ஹூ, நேஷன் என்ற இருவர் 2000இல் ஆங்கிலக் கதையை வைத்துச் செய்த ஆய்வில், துணையில்லாமல் ஒருவர் சரளமாகப் படித்துப் புரிந்துகொள்ள அதிலுள்ள சொற்களில் 98 சதவீதம் முன்பே தெரிந்திருக்கவேண்டும் என்று வந்தது. ஐம்பதுக்கு ஒன்றுதான் புதிது என்று ஆகிறது. நூற்றைம்பது சொல் உள்ள பக்கத்தில் மூன்று. தமிழில் ஒரே சொல்லுக்குள் பாதி வாக்கியம் உட்கார்ந்திருக்கும் என்பதால் இந்தக் கணக்கை அப்படியே ஒட்டமுடியாது, ஆனால் கை அளவாக வைத்துக்கொள்ளலாம். ஒரு பக்கத்தைப் படிக்கச் சொல்லி, தெரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்கச் சொல்லுங்கள். ஐந்து விரலும் மடங்கிவிட்டால் அந்தப் புத்தகம் இன்னும் ஒரு வருடம் அலமாரியில் இருக்கட்டும், அல்லது நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். விரலே மடங்கவில்லை என்றால் அது ஓய்வுக்குப் படிக்கிற புத்தகம், அதுவும் வேண்டியதுதான்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். "முன்பின் வாக்கியத்தைப் பார்த்து ஊகி" என்று எல்லா ஆசிரியர்களும் சொல்வார்கள். நல்ல அறிவுரைதான், ஆனால் பாதி உண்மை. பெக், மெக்கியோன், மெக்காஸ்லின் என்ற மூவர் 1983இலேயே, எல்லாச் சூழலும் ஒரே மாதிரி உதவாது என்று பிரித்துக் காட்டினார்கள். சில வாக்கியங்கள் அர்த்தத்தைக் கையில் கொடுத்துவிடும், சில பொதுவாகக் கைகாட்டும், சில வாயே திறக்காது, சில தப்பான பக்கம் அனுப்பிவிடும். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, ஏனென்றால் துப்பறியும் கதையில் வரும் சாட்சிகளும் இதே நாலு வகைதான்: பார்த்ததைச் சொல்பவர், அரைகுறையாகச் சொல்பவர், வாய் திறக்காதவர், பொய் சொல்பவர். பிள்ளைகளிடம் ஆய்வைப் பற்றி எதுவும் சொல்லவேண்டாம். "இந்தச் சொல்லைச் சுத்தி இருக்கிற வாக்கியம்தான் சாட்சி. சாட்சியை நம்பலாமா?" என்று கேட்டால் போதும், பிடித்துக்கொள்வார்கள்.

ஒரு துண்டைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். நான் நடத்தும் சிறுவர் வாசிப்புக் குழுவுக்காக நானே எழுதிய பத்தி இது:

"மாடிப்படிக்குக் கீழே இருந்த சின்னக் கதவு ஒருக்களித்திருந்தது. நிலா மெல்லத் தள்ளினாள். துருப்பிடித்த கீல் கிறீச்சிட்டது. உள்ளே சுவரெல்லாம் ஒட்டடை. ஆனால் தரையில் மட்டும் ஒரு பொட்டுத் தூசி இல்லை. 'யாரோ இங்கே புழங்கியிருக்கிறார்கள்' என்றாள். அப்போது பின்னால் செருமல் கேட்டது. கணக்குப்பிள்ளை மாசிலாமணி நின்றிருந்தார். 'நீங்களெல்லாம் நல்ல பிள்ளைகள் அல்லவா? இந்தப் பக்கம் பாம்பு நடமாட்டம் இருக்கிறதாம். தோட்டத்துப் பக்கம் போய் விளையாடுங்கள்' என்று நைச்சியமாகச் சொன்னார். 'இந்தக் கதவைத் திறந்தது யார் ஐயா?' என்று நிலா கேட்டதற்கு, ஏதோ சொல்லி மழுப்பிவிட்டு நகர்ந்தார்."

'கீல்' பற்றிய சாட்சி நல்ல சாட்சி. கதவில் இருக்கிறது, துருப்பிடிக்கிறது, கதவைத் தள்ளினால் சத்தம் போடுகிறது. பெரும்பாலான பிள்ளைகள் கதவருகே போய்க் கையை வைத்துக் காட்டிவிடுகிறார்கள். 'ஒருக்களித்திருந்தது' அரைகுறைச் சாட்சி. தள்ளினாள் என்பதால் முழுசாகத் திறந்திருக்கவில்லை, ஆனால் பூட்டியும் இல்லை, அவ்வளவுதான் தெரியும். (வீட்டில் "ஒருக்களிச்சுப் படு" என்று கேட்டிருக்கிற பிள்ளை சட்டென்று பிடித்துவிடும்: படுத்திருப்பவர் ஒரு பக்கமாகச் சாய்ந்திருப்பது போலக் கதவும். பேச்சில் தெரிந்த சொல்லை எழுத்தில் அடையாளம் காண்பதுதான் தமிழில் பாதி வேலை.) 'ஒட்டடை' கிட்டத்தட்ட ஊமைச் சாட்சி. சுவரில் இருக்கும், பழசுக்கு அடையாளம், அதற்குமேல் அந்த வாக்கியம் எதுவும் சொல்லாது. ஒரு பையன் சுவரில் தண்ணீர் ஊறிய கறை என்றான். தப்பில்லை, அந்த வாக்கியத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் அதுவும் பொருந்துகிறது. 'புழங்கு' வேறு மாதிரி. தூசி இல்லை, ஆகவே ஆள் வந்து போகிறார்கள் என்ற துப்பறிவும் சொல்லின் அர்த்தமும் ஒரே முடிச்சு. ஒன்றை அவிழ்த்தால் மற்றது தானாக அவிழும். மர்மக் கதை சொல் கற்க நல்லது என்று நான் சொல்வதற்கு இந்த மாதிரி இடங்கள்தான் காரணம். கதை நகர அந்தச் சொல் தேவைப்படுகிறது, சும்மா அலங்காரத்துக்கு அங்கே வரவில்லை.

பொய்ச்சாட்சி எது என்றால் 'நைச்சியம்'. மாசிலாமணி என்ன சொல்கிறார்? நல்ல பிள்ளைகள் என்கிறார், பாம்பு இருக்கிறது என்று எச்சரிக்கிறார், போய் விளையாடு என்கிறார். அதனால் பிள்ளைகள் எல்லாரும் 'அன்பாக' என்று எழுதுகிறார்கள். ஒரு பெண் மட்டும் "நைஸா சொன்னார்" என்றாள். கேட்டவர்கள் சிரித்தார்கள், நானும் முதலில் ஆங்கில 'நைஸ்' என்று நினைத்துக்கொண்டு சொல்கிறாள் என்றுதான் எடுத்துக்கொண்டேன். அப்புறம் யோசித்தால் அவள்தான் எல்லாரையும்விட அருகில் போயிருக்கிறாள். "நைஸா நழுவிட்டான்", "நைஸா பேசி வாங்கிட்டான்" என்று நாம் பேச்சில் சொல்லும்போது அதில் அன்பா இருக்கிறது? காரியவாதம் அல்லவா இருக்கிறது! நைச்சியம் என்பது காரியம் ஆவதற்காகப் பணிந்தும் இனிமையாகவும் பேசுவது. 'நீசம்' என்பதோடு உறவுள்ள வடசொல், பழைய பொருள் தாழ்மை. ஆங்கில நைஸுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

கதையின் முடிவில் அந்த அறையைப் பயன்படுத்தியவர் மாசிலாமணிதான் என்று தெரிய வருகிறது. அதற்குப் பிறகு இந்தப் பக்கத்தைத் திரும்பக் காட்டி, "இவர்தான் என்று இங்கேயே கதாசிரியர் சொல்லியிருக்கிறார், எந்தச் சொல்லில்?" என்று கேட்பேன். தேடுவார்கள் பாருங்கள்! செருமல், நடமாட்டம், மழுப்பி என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து நைச்சியத்தில் வந்து நிற்பார்கள். அப்போது அந்தச் சொல்லின் பொருளைச் சொன்னால், அது ஏமாந்துபோன இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். எளிதில் போகாது. முதல் தடவையே அடிக்குறிப்பில் பொருள் போட்டிருந்தால் என்ன ஆகும்? மர்மமும் உடையும், சொல்லும் தங்காது.

இரண்டாம் வாசிப்பு ஏன் வேலை செய்கிறது என்பதற்கு வேறு ஆதாரமும் உண்டு. ஜெசிக்கா ஹார்ஸ்ட் என்பவரும் உடன் பணியாற்றியவர்களும் 2011இல் மூன்று வயதுக் குழந்தைகளை வைத்துச் செய்த சோதனையில், ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்ட குழந்தைகள், அதே புதுச் சொற்களை வெவ்வேறு கதைகளில் கேட்ட குழந்தைகளைவிட நன்றாகக் கற்றுக்கொண்டார்கள். கதை பழகிவிட்டால் மனம் சொல்லைக் கவனிக்க ஓய்வாகிறது என்று நான் புரிந்துகொள்கிறேன். பத்து வயதுக்காரனை ஒரே கதையை நாலு தடவை படிக்க வைக்கமுடியாது, ஆனால் திருடன் வருகிற பக்கங்களை மட்டும் திரும்பப் புரட்ட வைக்கலாம். அது போதும்.

எப்படிச் செய்வது என்றால், முதல் வாசிப்பில் கையில் ஒரு பென்சில், அவ்வளவுதான். தெரியாத சொல் வந்தால் ஓரத்தில் ஒரு புள்ளி வைத்துவிட்டு ஓடவேண்டியது. நிற்கக்கூடாது. அந்தச் சொல் தெரியாமல் யார் எதைச் செய்தார்கள் என்பதே குழம்பினால் மட்டும் யாரையாவது கேட்டுக்கொள்ளலாம். கதை முடிந்து ஒரு நாள் கழித்துப் புள்ளிகளைப் பார்க்கச் சொல்லுங்கள். அதில் மூன்றில் ஒன்றாவது "இது இப்பத் தெரியுதே" என்று தானாக உதிர்ந்துவிடும் (என் குழுவில் பார்த்த அளவில் சொல்கிறேன்). அந்தச் சொல் பின்னால் வேறு இரண்டு இடத்தில் வந்து தன்னைக் காட்டிக்கொடுத்திருக்கும். மீதியில் ஐந்தோ ஆறோ எடுத்தால் போதும். எதை எடுப்பது என்பதில் பெரியவர்கள் கொஞ்சம் தலையிடலாம்: வேறு புத்தகத்திலும் வரப்போகிற சொல்லா, இந்தக் கதையோடு முடிந்துபோகிற சொல்லா என்று பார்த்துச் சொல்லுங்கள். 'தயங்கினாள்', 'மழுப்பினார்', 'புழக்கம்' எங்கும் வரும். பாய்மரக் கப்பலின் பாகங்களுக்கெல்லாம் பெயர் தெரியவேண்டியதில்லை, கப்பலில் ஏதோ ஒன்று என்றால் போதும்.

பேசும் வினைகளைத் தனியாகக் கவனிக்கச் சொல்வேன். துப்பறியும் கதையில் விசாரணை நிறைய, அதனால் 'சொன்னான்' என்பதற்கு மாற்றுச் சொற்கள் கொட்டிக் கிடக்கும். முணுமுணுத்தான், உளறினான், குழறினான், அதட்டினார், கிசுகிசுத்தாள், "வந்து..." என்று இழுத்தான், சாதித்தான். இந்தக் கடைசிச் சொல் சரியான பொறி. பள்ளிப் பிள்ளைக்குச் சாதனை தெரியும், சாதிப்பது என்றால் வெற்றி பெறுவது. "தான் அங்கே போகவேயில்லை என்று சாதித்தான்" என்று படித்தால் ஏதோ நல்ல காரியம் செய்துவிட்டான் போலிருக்கிறது என்று போய்விடும். இங்கே அதற்குப் பொருள் பிடிவாதமாக ஒரே பேச்சில் நிற்பது. தெரிந்த முகமூடி போட்டுக்கொண்டு வருகிற இந்த மாதிரிச் சொற்களுக்குப் பிள்ளை புள்ளியே வைக்காது, தனக்குத் தெரியும் என்றல்லவா நினைத்துக்கொண்டிருக்கிறது. அதை நீங்கள்தான் பிடிக்கவேண்டும்.

தமிழில் ஒரு வசதி உண்டு, அதை யாரும் பயன்படுத்துவதில்லை. ஒரு வினை பிடிபட்டால் கூடவே இன்னும் இரண்டு வரும். திருடன் பதுங்குகிறான், நகையைப் பதுக்குகிறான், செய்தியில் பதுக்கல் என்று படிக்கிறோம். தானாக நடந்தால் மெல்லினம், இன்னொன்றைச் செய்தால் வல்லினம்: ஒதுங்கு, ஒதுக்கு, அடங்கு, அடக்கு, கலங்கு, கலக்கு, திரும்பு, திருப்பு. பெயராக்கினால் தயங்கு தயக்கம், நடுங்கு நடுக்கம், மயங்கு மயக்கம், புழங்கு புழக்கம். இதைத் தன்வினை பிறவினை என்று இலக்கண வகுப்பில் சொன்னால் தூங்கிவிடுவார்கள். "மூட்டையை வேற யாரோதான் திருப்பி வச்சிருக்காங்க, அது தானா திரும்பாது" என்று கதைக்குள் வைத்துச் சொன்னால் ஒரு பையன் அன்று மாலையே பத்து ஜோடி கண்டுபிடித்துக்கொண்டு வந்தான். அதில் இரண்டு தப்பு. பரவாயில்லை.

ஒலிக்குறிப்புச் சொற்களும் இந்தக் கதைகளில் ஏராளம். சருகு சரசரக்கும், கதவு கிறீச்சிடும், மாட்டிக்கொண்டவன் திருதிருவென்று விழிப்பான். இவற்றுக்கு அகராதி வேண்டாம், சத்தம் போட்டுப் படித்தாலே புரியும். அவ்வளவுதான் இதைப் பற்றி.

அகராதி பற்றிக் கேட்டிருந்தீர்கள். தமிழ் அகராதி பார்ப்பது சின்னப் பிள்ளைக்கு உண்மையிலேயே கடினம், சோம்பல் என்று திட்டாதீர்கள். புத்தகத்தில் 'நழுவப்பார்த்தவனை' என்று இருக்கும், அகராதியில் 'நழுவு' என்று இருக்கும். 'கையுங்களவுமாக' என்று சேர்த்து அச்சடித்திருந்தால் கையும் களவும் என்று பிரிக்கத் தெரியவேண்டும். (களவு என்றால் திருட்டு என்று தெரிந்தவுடன் அந்த மரபுத்தொடரே பிள்ளைகளுக்கு வேறு மாதிரித் தெரிகிறது. திருட்டுப் பொருள் கையில் இருக்கும்போதே!) ஆகவே அகராதிக்கு முன்னால் வாலை வெட்டுகிற பழக்கம் வரவேண்டும். அவனை, ஆக, இருந்த, கொண்டு என்று ஒட்டியிருப்பதையெல்லாம் கழற்றிவிட்டு அடியில் என்ன மிஞ்சுகிறது என்று பார்ப்பது. இதுவும் துப்பறிகிற வேலைதான், இரண்டு பேர் சேர்ந்து செய்தால் பத்து நிமிஷம் நன்றாகப் போகும்.

பிள்ளைகளுக்கு எடுத்துக்காட்டு வாக்கியம் உள்ள அகராதியாகக் கொடுங்கள். 1992இல் முதலில் வந்து பிறகு இரண்டு முறை திருத்தி விரிவாக்கப்பட்ட க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி அதற்கு ஏற்றது, இன்றைய எழுத்துத் தமிழை வைத்துச் செய்தது. 1924இல் தொடங்கி 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்த சென்னைப் பல்கலைக்கழக லெக்சிகன் பெரியவர்களுக்கு, ஒரு லட்சத்துக்கு மேல் சொற்கள் உள்ள கடல். ஆனாலும் ஒன்று, அதில் வினைகளை 'ஒளிதல்', 'ஒளித்தல்' என்று தனித்தனியாகப் போட்டிருப்பார்கள். திருடன் ஒளிந்தான், நகையை ஒளித்தான் என்று பிரித்துக் காட்ட அது உதவும்.

அகராதியைத் திறக்கும் முன் பிள்ளை தன் ஊகத்தை வாய்விட்டுச் சொல்லவேண்டும், அது ஒன்றுதான் என் நிபந்தனை. தப்பாக ஊகித்துவிட்டுப் பிறகு சரியானதைப் பார்த்தவன் மறக்கமாட்டான். ஒட்டடையைத் தண்ணீர்க் கறை என்ற பையனுக்கு இப்போது ஒட்டடை ஜென்மத்துக்கும் மறக்காது, நண்பர்கள் மறக்க விடமாட்டார்கள். நோட்டு வைப்பதானால் பொருள் எழுதச் சொல்லாமல், கதையில் அந்தச் சொல் யாரோடு வந்தது என்று எழுதச் சொல்லுங்கள். 'நைச்சியம்: மாசிலாமணி, பாம்பு' என்று இரண்டே சொல். ஒரு வாரம் கழித்து அதைப் பார்த்தால் முழுக் காட்சியும் திரும்ப வரும், காட்சி வந்தால் பொருள் வரும். எபிங்ஹாஸ் என்ற ஜெர்மன் உளவியலாளர் 1885இலேயே தன்னைத்தானே சோதித்து, கற்றதில் பெரும்பகுதி முதல் ஒன்றிரண்டு நாளிலேயே போய்விடுகிறது என்று காட்டினார். அவர் மனப்பாடம் செய்தவை வேண்டுமென்றே பொருளற்றதாகச் செய்த அசைகள். மாசிலாமணி மாதிரி ஒரு ஆள் பிடிமானத்துக்கு இருந்திருந்தால் இன்னும் கொஞ்சம் தங்கியிருக்கும். ஆனாலும் மறுநாள் ஒரு தடவை, வாரம் கழித்து ஒரு தடவை நோட்டைப் புரட்டுவது நல்லது.

வீட்டுப் பேச்சில் அந்தச் சொல்லை இழுத்து விடுங்கள், அதைவிடச் சிறந்த பயிற்சி கிடையாது. நான் ஒருமுறை அக்கா மகளிடம் கொஞ்சம் குழைந்து பேசி என் கண்ணாடியை எடுத்துவரச் சொன்னேன். "சித்தி, நைச்சியமா?" என்றாள். எடுத்துவரவும் இல்லை.

தொடராக வரும் புத்தகங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. "ஒரே மாதிரிக் கதையையே படிக்கிறான்" என்று பலர் குறைப்படுகிறார்கள். சொல் கற்பதற்கு அது நல்லது. அதே ஆசிரியர், அதே நாலு பிள்ளைகள், அதே வகைச் சம்பவம் என்றால் அதே சொற்கள் திரும்பத் திரும்ப வரும், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வேறு இடத்தில். திரும்ப வருவதன் பலத்துக்கு 1978இல் வந்த ஒரு பழைய ஆய்வைச் சொல்வார்கள். ஆசிரியர் தானே உருவாக்கிய 241 சொற்கள் சராசரியாகப் பதினைந்து தடவை வருகிற ஒரு ஆங்கில நாவலைச் சிலரிடம் கொடுத்தார்கள், சொல்லைக் கவனிக்கச் சொல்லவில்லை. படித்து முடித்தபின் திடீரென்று சோதித்தால் கேட்ட சொற்களில் சராசரியாக 76 சதவீதம் சரியாகச் சொன்னார்கள். அவர்கள் பெரியவர்கள், கொடுத்த சோதனையும் பல விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது, அதனால் அந்த எண்ணை உங்கள் பையனிடம் எதிர்பார்க்காதீர்கள். ஆனால் பதினைந்து தடவை என்பதைக் கவனியுங்கள். ஒரே புத்தகத்தில் ஒரு தடவை வந்த சொல்லுக்காக அவனோடு மல்லுக்கு நிற்பதைவிட, அதே தொடரில் இன்னும் நாலு புத்தகம் வாங்கிக் கொடுப்பது மேல்.

'துப்பு' என்ற சொல்லையே பிள்ளைகளிடம் ஒருமுறை துப்பறியக் கொடுத்துப் பாருங்கள். துப்பு கிடைத்தது என்றால் தடயம். "துப்பு கெட்டவன்" என்றால் திறமை இல்லாதவன். "துப்பார்க்குத் துப்பாய துப்பாக்கி" என்ற குறளில் துப்பு என்றால் உணவு, அங்கே துப்பாக்கி என்பது 'உணவை உண்டாக்கி', சுடுகிற சாமான் இல்லை என்று சொன்னால் வகுப்பே எழுந்து நிற்கும். எந்த இடத்தில் எந்தத் துப்பு என்று சூழலை வைத்துத்தான் சொல்லமுடியும் என்பது அதோடு புரிந்துவிடுகிறது.

ஆங்கிலப் புத்தகத்துக்கும் இது பொருந்துமா என்று கேட்டிருந்தீர்கள். பொருந்தும், ஆனால் ஐந்து விரல் சோதனையைக் கொஞ்சம் கறாராக வையுங்கள், அங்கே பேச்சில் கேட்ட சொல் கைகொடுப்பது குறைவு. சொல்லின் கதையைச் சொன்னால் பிடித்துக்கொள்ளும் பிள்ளையாக இருந்தால் அந்த வழியிலும் போகலாம். துப்புக்கு ஆங்கிலத்தில் க்ளூ, அது ஆதியில் நூல் உருண்டையைக் குறித்த சொல். கிரேக்கக் கதையில் தீசியஸ் நூலைப் பிடித்துக்கொண்டே சுற்றுவழி மாளிகையிலிருந்து வெளியே வருகிறான், அங்கிருந்துதான் வழிகாட்டும் தடயம் என்ற பொருள் வந்தது. நாமும் உண்மையை வரவழைக்க நூல்தானே விட்டுப் பார்க்கிறோம், மர்ம முடிச்சைத்தானே அவிழ்க்கிறோம். அலிபை என்றால் லத்தீனில் 'வேறிடத்தில்'. குற்றம் நடந்தபோது நான் அங்கே இல்லை, வேறிடத்தில் இருந்தேன் என்பவன் சொல்வதும் அதைத்தானே.

இப்போதைக்கு நோட்டை எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். அவன் இந்த வாரம் எதை முடித்தானோ அந்தப் புத்தகத்தை எடுத்து, திருடன் முதன்முதலில் வருகிற பக்கத்தைத் திறந்து அவன் முன்னால் வையுங்கள். "இவன்தான்னு இந்தப் பக்கத்திலேயே தெரியுதா?" என்று மட்டும் கேளுங்கள். எந்தச் சொல்லில் விரல் வைக்கிறான் என்று எனக்கும் எழுதுங்கள்.